ஹமீதாவின் வெள்ளையில் என் செம்மண் கோடு

என் பிரியத்துக்குரிய ஹமீதா, எப்போது கையைப் பிடித்தாலும் சுண்ணாம்பு ஒட்டுகிற என் ஏட்டி,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இன்றைக்கும் இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒன்றும் இல்லை, துணி காய்கிறது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் படங்களை மதுரையில் ஒரு கூடத்தில் மாட்டப்போகிறார்கள். பதினொரு படம். வெள்ளைச் சுவராம். உன் வெள்ளைப் படத்தை வெள்ளைச் சுவரில் மாட்டினால் எவளுக்குத் தெரியும் என்று நான் கேட்டிருப்பேன். "தெரியுதவளுக்குத் தெரியும்" என்று நீ சொல்லியிருப்பாய். எல்லாம் உன் காதர் அண்ணன் ஏற்பாடுதான். 'பேண்டேஜ் துணிக்குப் பிடித்த தண்டம்' என்று உன் படங்களைத் திட்டிக்கொண்டே இருந்தாரே, அதே அண்ணன். இப்போது ஒவ்வொரு படத்தையும் கைக்குட்டையால் தூசி தட்டி வைக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை படங்களைப் பார்க்க மதுரைக்காரர் ஒருவர் ராஜபாளையத்துக்கு வந்தார். கூடத்தை நடத்துகிறவர். உன் அண்ணன் துணி அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் மாடியில் பத்துப் படத்தையும் நிதானமாகப் பார்த்தார். பதினோராவது படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. சலவை முடிந்த துணியைக் காட்டில் விரித்துக் காயப்போட்டிருப்பதை நீ வரைந்த படம், உன் கடைசிப் படம்.

"இந்த ஒரு செவப்புக் கோடு இருக்கு பாருங்க, இதுலதான் படத்தோட உசுரே இருக்கு. அம்புட்டு வெள்ளைக்கு நடுவுல இத இழுக்கதுக்கு எம்புட்டுத் தைரியம் வேணும்!" என்றார். அந்தப் படத்தைத்தான் அழைப்பிதழில் போடுவேன் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கூடவே இருந்தவுக. என்ன நெனச்சு இத இழுத்தாக?" என்று கேட்டார்.

"தெரியலையே" என்றேன். சொல்லிவிட்டுத் தலையை வேறு ஆட்டினேன்.

ஹமீதா, அதை இழுத்தவள் நான் என்று ஏன் என் வாயில் வரவில்லை? ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கத் துரு.

இந்தக் கடிதத்தை உன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லப்போகிறேன். அதனால் நின்று படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையும் சொல்லவேண்டியிருக்கிறது. நீ பொறுத்துக்கொள்.

ஓவியத் தேர்வு எழுதுகிற கூடத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசை. மேசை மேல் ஒரு பித்தளைப் பானை, அதன் மேல் சரிந்து கிடக்கிற ஒரு துண்டு. அதைப் பார்த்து வரையவேண்டும். நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "ரப்பர் இருக்கா?" அழித்து அழித்து உன் தாள் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது. கடைசியில் பானையையே அழித்துவிட்டுத் துண்டை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்தாய். நான் தேறினேன், நீ தேறவில்லை. ஏனடி பானையை விட்டாய் என்றால், "பானையத்தான் எல்லாரும் வரைஞ்சிட்டாகளே" என்றாய். என் ரப்பரை நீ திருப்பித் தரவே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சரானேன். நீ கல்யாணமாகிப் போய், ஒரு வருஷத்தில் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாய். அந்தக் கதையை நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அண்ணனின் பேண்டேஜ் துணிக் கிட்டங்கி மாடியில் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "இங்க வா, வரைவோம்" என்று எனக்கு ஆள் விட்டாய். சனிக்கிழமைதோறும் நான் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் அதற்கு 'சனிக்கிழமை கோர்ட்டு' என்று பேர் வைத்தார். "இன்னைக்கு யாருக்குத் தீர்ப்பு?" என்பார்.

கான்வாஸ் வாங்குகிற வசதியா நமக்கு? ஓரம் பிசிறி, விலைக்குப் போகாத பேண்டேஜ் துணிதான் நம் கான்வாஸ். ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக இரண்டு அடுக்கு வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவோம். புளியங்கொட்டைப் பசையில் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசுவோம். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். காய்ந்த பிறகு கண்ணாடித் தம்ளரின் அடியால் தேய்த்தால் சுவர் மாதிரி வழவழப்பாகிவிடும். நிறத்தையும் அதே பசையில்தான் குழைப்போம். அதில் ஒரு சௌகரியம், ஈரத்துணியால் ஒற்றினால் எந்த நிறமும் இளகி வந்துவிடும்.

எனக்கு நிறம் வேண்டும். வன்னியம்பட்டிக் காட்டுச் செம்மண், துணிக்குப் போடுகிற நீலம், என் மாமா வீட்டுப் பால்கோவா அடுப்பின் சுவரில் படிந்த கரி. எல்லாவற்றையும் டப்பா டப்பாவாகத் தூக்கிக்கொண்டு வருவேன். நீயோ சுண்ணாம்பையும் சாக்பீஸ் தூளையும் வைத்துக்கொண்டு வெள்ளைக்குள்ளேயே கிடப்பாய். நனைந்த துணியின் வெள்ளை, காய்ந்ததன் வெள்ளை, நிழல் விழுந்ததன் வெள்ளை. "இன்னும் ஒண்ணு இருக்கு, பிடிபட மாட்டேங்குது" என்று புலம்புவாய். எனக்குச் சிரிப்பாக இருக்கும். நான் பகட்டுக்காரி என்று நீ சொன்னதில் பொய் இல்லை.

ஒருநாள் உன் படத்தைப் பார்த்து, "என்னமோ குறையுது" என்றேன். "குறையுதுன்னா நீயே போடு" என்று பிரஷை என் கையில் திணித்தாய். அப்படித்தான் நம் விதி பிறந்தது. சனிக்கிழமை படத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது. அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், மற்றவள் படத்தில் ஒரே ஒரு கோடு போட வேண்டியது. அனுமதி கேட்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை படம் உடையவளிடம் திரும்பிவிடும். கோடு பிடிக்காவிட்டால் எடுத்துவிட அவளுக்கு ஒரு வாரம் நேரம் உண்டு. அந்தச் சனியும் தாண்டிவிட்டால் கோடு படத்துக்குச் சொந்தம், யார் போட்டது என்று வாயைத் திறக்கக் கூடாது.

எத்தனை சண்டை! என் தேர்ப் படத்தில் சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கோடு போட்டாய். முட்டுக்கட்டையின் விளிம்பு. ஓடிக்கொண்டிருந்த தேர் அப்படியே நின்றுவிட்டது. ஏழு நாளும் ஈரத்துணியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாம் நாள், வடம் பிடித்தவர்கள் எல்லாரும் மூச்சை அடக்கி நிற்கிற மாதிரி எனக்கே தெரிந்தது. அந்தப் படத்தைத் தலைமையாசிரியை கேட்டு வாங்கித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். அந்த முட்டுக்கட்டையைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, கடைசிப் படத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அதற்கு வராமல்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்தேன். காடு முழுக்க நீளம் நீளமாகத் துணி, பின்னால் மலை, அதன் மேல் மழைக்கு முந்தின வானம். எல்லாமே வெள்ளை. ஆனால் எது நனைந்தது, எது காய்ந்தது, எதைக் காற்று தூக்குகிறது என்று ஒவ்வொன்றும் தெரிந்தது. நீ தேடிக்கொண்டிருந்த அந்த இன்னொரு வெள்ளையும் உனக்குப் பிடிபட்டிருந்தது. படம் பார்க்கிற பழக்கமே இல்லாத என் வீட்டுக்காரர் காப்பித் தம்ளரோடு அதன் முன்னால் நின்றுவிட்டார். காப்பி ஆறிப்போனது. பிறகு கேட்டார்: "ஏட்டி வடிவு, இந்த மாதிரி ஒனக்கு வருமா?"

அவர் வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அது என்னைச் சுட்டது. வராது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நான் பிரஷைத் தொடவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். ஹமீதா, எனக்கு வயிறு எரிந்தது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செம்மண்ணைக் குழைத்தேன். நம் கோடுகளை அணில்மயிர்ப் பிரஷால்தான் போடுவோம். நான் பட்டைப் பிரஷை எடுத்தேன். படத்தின் இடது கீழ் மூலையில் தொடங்கி, காய்கிற துணியின் மேலெல்லாம் ஏற்றி, மலையடிவாரம் வரைக்கும் ஒரே இழுப்பு. வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எடுக்க வரக் கூடாது என்றுதான் பசையை இரண்டு பங்கு கலந்தேன்.

மறுநாள் நீ அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாய். வழக்கமாக "ஏட்டி, கெடுத்துட்டியே" என்று தொடங்குகிறவள், அன்று கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றி வைத்தாய். என் படத்தை எடுத்து நீட்டினாய்.

"கோடு எங்கட்டி?" என்றேன்.

"தேடு."

தேடினேன், ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. "கோடு போடக்கூட ஒனக்கு மனசு வரலையா? என் படம் அம்புட்டுக்குக் கேவலமாப் போச்சோ?"

"செத்த நேரம் இருந்து தேடு. இல்லன்னா வீட்டுல போய் வெளிச்சத்துல வச்சுப் பாரு. இருக்கு" என்றாய்.

நான் தேநீரைத் தொடாமல் எழுந்து, முந்தின பஸ்ஸையே பிடித்துவிட்டேன். படியில் இறங்கும்போது "பொறவு வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் கிட்டங்கியிலிருந்து ஆள் வந்து வகுப்பு வாசலில் நின்றார். நான் வந்து உன் முகத்தைப் பார்த்தேன். நகக்கண்ணில் சுண்ணாம்பு தெரிந்ததா என்று பார்க்க ஆசை, கையை மூடிவிட்டிருந்தார்கள். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். மறுநாள் சனிக்கிழமை. கால் தானாகப் பஸ் ஏறிவிட்டது. ராஜபாளையத்தில் இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பினேன்.

உனக்கு இருந்தது ஒரு வாரம். அதில் ஒருநாள் பாக்கி இருக்கும்போது போய்விட்டாய். கோட்டை நீ எடுக்கவில்லை. பிடித்துப்போய் விட்டுவைத்தாயா, எடுக்க நாள் இல்லாமல் போனதா? இந்த ஒரு வருஷமாக என்னைத் தூங்கவும் விடாமல் வரையவும் விடாமல் அரித்தது இதுதான். என் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். இந்த ஒரு வருஷத்தில் ஒரு கோடு போடவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் மாம்பழமும் மயிலும் வரைகிறேன், அது கணக்கில் வராது.

மதுரைக்காரர் கிளம்பின பிறகு, உன் அண்ணன் பெண்சாதி ஜைனம்பு மைனி எனக்குச் சோறு போட்டார்கள். இலையைப் பார்த்தபடியே கேட்டேன்: "மைனி, காய்ச்சலா கெடந்தப்ப அந்தப் படத்தப் பத்தி அவ ஏதாவது சொன்னாளா?"

மைனி கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"புதங்கெழம காய்ச்சல் கொதிக்குது. ஈரத்துணியக் கையில வச்சுக்கிட்டு அந்தப் படத்து முன்னாலயே ஒக்காந்திருந்தா. நெத்திக்குத்தான் துணி நனைச்சிருக்கான்னு நெனச்சு, 'குடுட்டி, போட்டு விடுதேன்'னேன். 'இது நெத்திக்கு இல்ல மைனி, கோட்டுக்கு'ங்கா. 'அப்பத் தொடச்சிட்டுப் போய்ப் படு'ன்னேன். 'நான் எடுக்க மாட்டேன். கோவத்துல போட்டிருக்கா. சனிக்கெழம வருவாள்ல, அவளே எடுப்பா'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டா. பொறவு அந்தத் துணியத்தான் நான் நெத்தியில போட்டேன்."

"இத ஏன் மைனி இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நீ கேக்கலையே வடிவு. ஒரு கோட்டுக்காவ நீ இப்பிடி அழுவேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பீரோவை நகர்த்தினேன். என் படத்தை முற்றத்து வெளிச்சத்தில் வைத்தேன். மாமா வீட்டுப் பால்கோவா அடுப்பு. பெரிய இரும்புச் சட்டி, துடுப்பைப் பிடித்த இரண்டு கைகள், மேலே எழும்புகிற புகை. உன் கோட்டை மறுபடியும் தேடினேன். சட்டியின் விளிம்பில் இல்லை. துடுப்பில் இல்லை. ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டு, இது நான் போட்டது, இதுவும் நான் போட்டது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் என் மாதிரிப்படம் இருந்த நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எந்தப் படம் போட்டாலும் சுற்றிலும் நான் கரியால் ஒரு கட்டம் போடுவேன் அல்லவா? அதை வேலி என்று நீ கேலி செய்வாய். அந்தக் கட்டத்தில், மேலே, ஒரு சாண் அளவுக்குக் கோடே இல்லை. நீ ஈரத்துணியால் ஒற்றி எடுத்திருக்கிறாய். அத்தனை சுத்தமாக. அந்த வழியாகப் புகை படத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நீ சேர்த்ததைத் தேடிக்கொண்டிருந்ததால் எடுத்தது என் கண்ணில் படவே இல்லை. முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் போட்ட படங்களிலேயே மூச்சு விடுகிற படம் அது ஒன்றுதான், அதுவும் நீ தொட்டதால்.

இப்போது நான் என்ன செய்யட்டும்? அந்தச் செம்மண் கோட்டால்தான் மதுரைக்காரர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். அதை எடுத்துவிட்டால் கூடத்துக்கு வருகிறவர்கள் உன் வெள்ளையைப் பார்க்காமலே அடுத்த படத்துக்குப் போய்விடுவார்களோ? முதல்முறையாக உன் பேர் வெளியே வருகிற நேரத்தில் உனக்குக் கிடைப்பதை நான் பிடுங்குகிறேனா? எடுக்கவேண்டும் என்று இப்படித் துடிக்கிறேனே, இதிலும் பழைய வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? நாலு நாளாக இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். நீ சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாய் என்பது மட்டும் தெரியும்.

நேற்று மருந்துக்கடையிலிருந்து காதர் அண்ணனுக்குப் போன் போட்டேன். வயிற்றெரிச்சல் உள்பட எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் மருந்து எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருச்சேம்மா. அவிய அந்தக் கோட்டத்தான பெருசாச் சொல்லுதாக" என்றார்.

"அது அப்படியே இருக்கட்டும்ணே. நான் பண்ணினதுக்கு அது சாட்சி. கூடத்துல அவ படம் இருக்கட்டும்" என்றேன்.

"அவ காத்திருந்தான்னா வந்து எடுத்துரும்மா. மதுரைக்காரர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு பங்கு பசை என்றாலும் வருகிறது. ஆனால் செம்மண் முழுக்கப் போகாது. வன்னியம்பட்டி மண் அப்படி. உற்றுப் பார்க்கிறவர்களுக்கு மூலையிலிருந்து மலை வரைக்கும் லேசாக ஒரு கறை தெரியும். அது எனக்கு உரியது, இருந்துவிட்டுப் போகட்டும். இதைப் படித்து முடிக்கிறவர்கள் படத்துக்குக் கிட்டே போய்த் தேடிப் பார்க்கட்டும். தேடுகிற சாக்கிலாவது உன் வெள்ளையை ஒரு தடவை முழுசாகப் பார்ப்பார்கள்.

எனக்கு இன்னொரு ஞாபகமும் வருகிறது. நான் உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள், அக்கா என்று கூப்பிடு என்று எத்தனை தடவை உன்னோடு மல்லுக்கட்டியிருப்பேன்! "மூணு மாசத்துக்கெல்லாம் அக்கா கெடையாது. ஒரு வருசமாவது மூப்பு இருக்கணும்" என்று கடைசிவரைக்கும் வடிவு என்றே கூப்பிட்டாய்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன் ஹமீதா. துணியை நானே நனைத்துக் கொண்டுவருகிறேன். மெதுவாக, உன்னை மாதிரியே ஒற்றி எடுப்பேன். என் அடுப்புப் படத்தில் நீ திறந்துவிட்ட இடத்தை இனிமேல் அடைக்க மாட்டேன், அடுத்த படத்துக்கு வேலியும் போட மாட்டேன். வேலை முடிந்ததும் மைனி தருகிற தேநீரை உன் இடத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு, படியில் நின்று "பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

இப்படிக்கு,
இப்போது உன்னைவிட ஒரு வருஷமும் மூன்று மாதமும் மூத்துப்போன
உன் அக்கா,
வடிவு